மீட்டர் ஆக்சிஜன் கூடுதல் என்றால், காற்றைக் குறைக்கும் முன் ஒரு நிமிடம்

பெங்களூர் பீன்யாவில் பாய்லர் வைத்திருக்கிற கம்பெனிகளுக்கு ஆக்சிஜன் அனலைசர் (சிம்னிக்குப் போகும் புகையில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் என்று காட்டும் மீட்டர்) சர்வீஸ் செய்வதுதான் என் பிழைப்பு. போன மழைக்காலத்தில் ஒரு துணி வாஷிங் யூனிட்டிலிருந்து போன். பாய்லர் பார்க்கிறவர் தர்மபுரிக்காரர். "அண்ணே, மீட்டர் ஏழு காட்டுது, ஆனா சிம்னியில கறுப்பா புகை போகுது. ரெண்டுல எது பொய்?"

நல்ல கேள்வி. ஏழு சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் என்றால் காற்று தாராளம், கறுப்புப் புகை என்றால் காற்று பற்றாக்குறை. இதற்குப் பதில் சொல்ல, புகைப் பாதைக்குள் நீட்டியிருக்கும் ப்ரோப் என்ற அளக்கும் குழாயின் முனையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அங்கே இருப்பது இட்ரியா கலந்த சிர்கோனியா என்கிற பீங்கான், இரண்டு பக்கமும் பிளாட்டினம் பூச்சு. இதைத்தான் செல் என்போம். 700 டிகிரி வாக்கில் சூடாக்கினால் அந்தப் பீங்கானுக்குள் ஆக்சிஜன் அயனிகள் நகர ஆரம்பிக்கும், அதனால்தான் திட எலெக்ட்ரோலைட் என்கிறோம். ஒரு பக்கம் புகை, மறுபக்கம் சுத்தமான காற்று. இரண்டிலும் ஆக்சிஜன் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் வரும். கணக்கு 1889இல் நெர்ன்ஸ்ட் கொடுத்த சமன்பாடுதான். புகையில் 2 சதவீதம் ஆக்சிஜன் என்றால் சுமார் 49 மில்லிவோல்ட், 5 என்றால் 30. இரண்டு பக்கமும் ஒரே காற்று என்றால் பூஜ்யம்.

வம்பே இந்தப் பூஜ்யத்தில்தான். பூஜ்யம் வந்தால் மீட்டர் அதை 20.9 சதவீதம், சுத்தமான காற்று என்று படிக்கும். சிக்னல் ஒயர் ஷார்ட் ஆனாலும் அதே 20.9. செல்லில் விரிசல் விட்டுக் காற்று புகைப்பக்கம் கசிந்தாலும், புகை கசிந்து காற்றுப் பக்கம் கெட்டுப்போனாலும், மீட்டர் நினைப்பதைவிட செல் குளிர்ந்திருந்தாலும் மில்லிவோல்ட் குறையும், ஆக்சிஜன் கூடுதலாகத் தெரியும். கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே பக்கம்தான் சாய்கின்றன, அதுவும் ஆபத்தான பக்கம்; கூடுதலாகத் தெரிந்தால் ஆபரேட்டர் (காற்றைத் தானாகவே சரிசெய்யும் ஆட்டோ டிரிம் இருந்தால் அதுவே) காற்று வரும் வழியிலுள்ள டேம்பர் தடுப்பை மூடும், எரிபொருள் பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாகப் போகும்.

இன்னொன்று, காற்றை மட்டும் கொடுத்து "20.9 காட்டுது, ஓகே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். செத்த செல்லும் அதே பூஜ்யத்தைத்தானே கொடுக்கும்? நைட்ரஜனில் 2 சதவீதம் ஆக்சிஜன் கலந்த சிலிண்டர் கேஸ் விட்டுப் பாருங்கள், அதுதான் சோதனை. சிலிண்டருக்குக் காசு செலவழிக்க யோசிக்கிற முதலாளியிடம் எரிபொருள் பில்லைக் காட்டுங்கள்.

இங்கேயும் சிலிண்டரை மாட்டினேன். மீட்டர் சரியாக 2 காட்டியது. அப்போது ப்ரோப் பொய் சொல்லவில்லை, தன் மூக்குக்கு எதிரே இருப்பதைத்தான் சொல்கிறது. எரிகிற இடத்துக்கும் ப்ரோப்புக்கும் நடுவே எங்கோ வெளிக்காற்று நுழைகிறது என்று அர்த்தம். புகையைச் சிம்னிக்கு இழுக்கிற ஐ.டி. ஃபேன் இழுப்பில் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு, அதனால் ஓட்டையிருந்தால் புகை வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊதுபத்தி கொளுத்தி டக்ட் ஓரமாகக் காட்டிக்கொண்டே போனோம். சுத்தம் செய்கிற கதவுப் பக்கம் வந்ததும் ஊதுபத்திப் புகையைச் சர்ரென்று உள்ளே இழுத்தது. கதவிடுக்கை அடைக்கிற கேஸ்கெட் கயிறு பொடிந்திருந்தது. தர்மபுரிக்காரர் மீட்டரில் ஏழு என்று பார்த்துப் பார்த்து ஒரு வாரமாகக் காற்றைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார், கறுப்புப் புகை அதனால்தான்.

கேஸ் பாய்லர்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 700 டிகிரியில் இருக்கிற செல் ஒரு தீப்பொறி மாதிரி. தீ அணைந்து எரியாத கேஸ் தேங்கியிருந்தால் அதுவே பற்றவைக்கும். ஃப்ளேம் போனதும் ப்ரோப் ஹீட்டரும் கட் ஆகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கயிறு மாற்றிக் கதவை இறுக்கினோம், ஏழிலிருந்து இரண்டுக்கும் கீழே இறங்கியது. டேம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஐந்தில் நிறுத்தினோம், புகையும் வெளுத்தது. நான் வருவதற்கு முன்பே பர்ச்சேஸில் அவசரப்பட்டு வாங்கிய புது ப்ரோப் இன்னும் ஸ்டோரில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.