படகு ஏறினாலும் பாரம் கூடாத பாலம்

வேல்ஸ் நாட்டின் வடகிழக்கில், டீ ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே, ஆற்றுக்குச் சுமார் 38 மீட்டர் மேலே ஒரு கால்வாய் ஓடுகிறது. அதைத் தாங்கி நிற்பது 307 மீட்டர் நீளமுள்ள பான்ட்கசில்ட்டே தொட்டிப்பாலம். 1795-இல் வேலை தொடங்கி 1805 நவம்பரில் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தையும், அதையொட்டிய 18 கிலோமீட்டர் கால்வாயையும் யுனெஸ்கோ 2009-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பார்ப்பவரை மலைக்க வைப்பது உயரம்தான் என்றாலும், பொறியியல் வரலாற்றில் இதற்கு இடம் தேடித் தந்தது நீரைச் சுமக்கும் வார்ப்பிரும்புத் தொட்டி.

அக்காலத்தில் கால்வாய்ப் பாலங்களைக் கல்லால் கட்டி, நீர் கசியாதிருக்க உள்ளே பிசைந்த களிமண்ணைத் தடிமனாகப் பூசுவார்கள். அந்தக் களிமண்ணின் எடையைத் தாங்கப் பருத்த தூண்களும், அகன்ற வளைவுகளும் தேவைப்பட்டன. இவ்வளவு உயரத்தில் அது கட்டுப்படியாகாது என்பதால், பள்ளத்தாக்கின் இருபுறமும் மடைப்பூட்டுகள் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவுள்ள அறைகள்) அமைத்துப் படகுகளைக் கீழே இறக்கி, தாழ்வான பாலத்தில் கடத்தி, மறுகரையில் ஏற்றுவதே முதல் திட்டமாக இருந்தது. ஒவ்வொரு படகுக்கும் பூட்டுகளைத் திறந்து மூடினால் நேரமும் நீரும் வீணாகும். பொறியாளர்கள் வில்லியம் ஜெஸ்ஸப்பும் தாமஸ் டெல்ஃபோர்டும் அத்திட்டத்தைக் கைவிட்டு, கரைமட்டத்திலேயே இரும்புத் தொட்டியில் நீரைக் கொண்டுசெல்லத் துணிந்தார்கள். இரும்புத் தொட்டி அப்போது முற்றிலும் புதிதன்று; லாங்டன் என்னும் இடத்தில் 1797-இல் டெல்ஃபோர்டே சிறியதாக ஒன்றை அமைத்திருந்தார். ஆனால் அது தரையை ஒட்டிய தாழ்வான பாலம்.

தொட்டி ஏறத்தாழ 3.6 மீட்டர் அகலமும் 1.6 மீட்டர் ஆழமும் கொண்டது. ஓரங்களில் விளிம்பு வைத்து வார்த்த தகடுகளை ஒன்றோடொன்று திருகாணிகளால் இறுக்கி, இணைப்புகளில் கம்பளித் துணியை வைத்து அடைத்திருக்கிறார்கள். அடியிலுள்ள இரும்பு வளைவுகளோடு தொட்டியை எங்கும் பிணைக்கவில்லை. தகடுகளிலேயே வார்க்கப்பட்ட காது போன்ற நீட்சிகள் வளைவின் மேல் பொருந்தி, தொட்டி நகராமல் பார்த்துக்கொள்கின்றன. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசைக்கு எளிதில் விரிசல் விடும். எனவே பாரத்தை அமுக்கமாக மாற்றும் வளைவு வடிவம் இங்கே வெறும் அலங்காரமன்று. தூண்களின் மேற்பகுதியை உள்ளீடற்றதாகக் கட்டியதால் கல்லின் எடையும் குறைந்தது.

தொட்டி கொள்ளும் நீர் சுமார் 15 லட்சம் லிட்டர், அதாவது 1,500 டன். இதன்மேல் பல டன் எடையுள்ள படகு வந்தால் பாலத்தின் பாரம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. விலகிய நீர் பாலத்துக்கு வெளியே நீண்டுகிடக்கும் கால்வாயில் பரவிவிடுவதால் மொத்தப் பாரம் ஏறத்தாழ மாறுவதேயில்லை. ரயில் பாலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆனால் விலகும் நீர் வெளியேற வழி வேண்டுமே! 2.1 மீட்டர் அகலப் படகு குறுகிய தொட்டியில் நகரும்போது, குழாய்க்குள் தள்ளப்படும் உந்துதண்டு போல நீரை முன்னே குவிக்கும். அக்காலத்தில் கரையோரம் நடந்து படகை இழுத்த குதிரைக்குச் சுமையும் கூடும். இதற்காகத்தான் குதிரைப் பாதையைத் தொட்டிக்கு வெளியே ஒட்டாமல், தொட்டிக்குள்ளேயே தாங்குகால்கள் நட்டு நீருக்கு மேலே பரப்பியிருக்கிறார்கள். படகின் முன் தேங்கும் நீர் பாதையின் அடியாகப் பின்னோக்கி ஓடிவிடுகிறது. இந்தக் கட்டமைப்பில் என்னை மிகவும் கவர்ந்த நுட்பம் இதுதான். பாதை இருக்கும் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி உண்டு. எதிர்ப்பக்கத்தில் தொட்டியின் விளிம்பைத் தவிர வேறு தடுப்பே இல்லை. பராமரிப்புக்காக இருமுனைகளையும் பலகைகளால் அடைத்துவிட்டு நடுவிலுள்ள அடைப்பை இழுத்தால், நீர் முழுவதும் நேராக ஆற்றில் கொட்டுகிறது.

இத்தனை பாடுபட்டுக் கட்டியும், வடக்கே செஸ்டர் நகரை நோக்கிச் செல்லவிருந்த முதன்மைக் கால்வாய் பாலத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவிலேயே நின்றுபோனது. வடக்கிலிருந்து வரவிருந்த நீரும் கிடைக்காமல் போகவே, கால்வாய்க்கு நீர் வேண்டி, மேற்கே லான்டிசிலியோவில் டீ ஆற்றின் குறுக்கே பிறைவடிவ அணை கட்டி, அங்கிருந்து ஊட்டுவாய்க்கால் வெட்டினார்கள். சரக்குப் போக்குவரத்து தேய்ந்து, 1944-இல் சட்டப்படி படகுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டபோதும், பாலத்தைக் காப்பாற்றியது அந்த நீரோட்டமே. ஆற்றுநீர் பாலத்தைக் கடந்து ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கம்வரை போய்க் குடிநீருக்குப் பயன்பட்டதால், தொட்டியைப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.