சமையலறைக்குப் பின்னால் வந்த மான்கள்

முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடி பக்கம் ஒரு ரிசார்ட். மேனேஜர் போனில் சொன்ன புகார் ஒரே வரிதான்: "சார், எட்டாம் நம்பர் ரூம்ல நாத்தம் தாங்கல, வர்ற கெஸ்ட் எல்லாம் ரூம் மாத்திக் கேக்கறாங்க." கழிவுநீர்தான் என் பிழைப்பு. எங்கே நாறினாலும் எனக்குப் போன் வரும்.

போய் இறங்கியபோது வரவேற்பறையில் ஒரு குடும்பம் காலையில் எடுத்த படத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. சமையலறைக்குப் பின்னால் ஏழெட்டுப் புள்ளிமான்கள் குனிந்து தண்ணீர் குடிக்கின்றன. "ஜீப்புல போயும் இவ்வளவு கிட்டப் பாக்கலைங்க" என்றார் குடும்பத் தலைவர், பெருமையாக.

எட்டாம் நம்பர் அறைக்கு முன் அந்தப் பின்பக்கத்தைத்தான் போய்ப் பார்த்தேன். சுவரிலிருந்து ஒரு நாலு இஞ்ச் பிவிசி குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டை. மேலே எண்ணெய்ப் படலம், ஓரத்தில் சோப்பு நுரை, சோற்றுப் பருக்கை, இரண்டு கறிவேப்பிலை. சுற்றிலும் குளம்புத் தடம். பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் மான்கள் குடித்துக்கொண்டிருந்தன. பங்குனி மாதம், பக்கத்து ஓடையில் வெறும் கல். போதாததற்கு அந்தத் தண்ணீரில் உப்பு இருக்கிறது. இலை தழை தின்னும் விலங்கு உப்புக்கு எவ்வளவு தூரமும் வரும்.

ஊரில் கழிவு மேலாண்மை என்றால் கண்ணில் படாமல் செய்வது. சாக்கடைக்குள் விட்டால் போச்சு, குப்பை வண்டியில் ஏற்றினால் போச்சு. காட்டுக்குள் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே நாம் வெளியே விடும் எதையும் யாரோ ஒருவர் தின்கிறார் அல்லது குடிக்கிறார். அவருக்குக் கண் மந்தமாக இருக்கலாம், மூக்கு மந்தமாக இருக்காது. அதனால் காட்டு விடுதி எதற்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, எது திறந்து கிடக்கிறது என்பதைத்தான்.

தண்ணீர்க் கணக்கிலிருந்து வருவோம். ஓட்டல் கட்டும்போது ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் என்று வைப்பது நம் நாட்டு நடைமுறை. வளர்ந்த யானை ஒரு நாளில் குடிப்பது 100 முதல் 200 லிட்டர். ஆக, அறையில் தூங்கும் ஒவ்வொரு விருந்தாளியும் தண்ணீர்க் கணக்கில் ஒரு யானை. முதுமலையின் மேற்குப் பகுதியில் மழை கொட்டும். மசினகுடி, சீகூர் பக்கமோ நீலகிரியின் மழை மறைவுப் பகுதி. நாற்பது பேர் தங்கும் விடுதிக்கு இங்கே போர்வெல் போட்டால், நாற்பது யானைகளுக்குத் தண்ணீர் இறைக்கிறோம் என்று சொன்னால்தான் முதலாளிகளுக்கு உறைக்கிறது. நீச்சல் குளத்தைப் பற்றி இன்னொரு கணக்கும் சொல்வேன். பத்துக்கு ஐந்து மீட்டர் குளத்திலிருந்து வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால்கூட 250 லிட்டர் போய்விடும், யாரும் குளிக்காமலே. பெரும்பாலும் யாரும் குளிப்பதும் இல்லை. வெப்சைட் படத்துக்குத்தான் அது.

சரி, எட்டாம் நம்பர் அறை. அந்த நாற்றத்துக்கு மருந்து ஒரு குவளைத் தண்ணீர்தான். குளியலறைத் தரை வடிகாலுக்குக் கீழே வளைவாக ஒரு டிராப் இருக்கும். அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கீழேயிருந்து வாயு ஏறாமல் தடுக்கும் மூடி. அறை பத்து நாள் பூட்டிக் கிடந்தால் அந்தத் தண்ணீர் காய்ந்துவிடும், செப்டிக் டேங்க் வாசனை நேராகக் கட்டிலுக்கு வரும். ஆள் இல்லாத அறைகளில் வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மேனேஜர் என்னை ஏமாற்றுக்காரனைப் போலப் பார்த்தார்.

ஆனால் அந்தக் காய்ந்த டிராப் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டது. அங்கே சனிக்கிழமை நாற்பது பேர், செவ்வாய்க்கிழமை நாலு பேர். காட்டு விடுதிகள் முக்கால்வாசி இப்படித்தான். சனிக்கிழமை ஏழாயிரம் லிட்டர் வரும், செவ்வாய்க்கிழமை ஆயிரம்கூட வராது. கழிவைத் தின்று சுத்தம் செய்வது பாக்டீரியா. வாரம் ஐந்து நாள் பட்டினி போட்டு இரண்டு நாள் திணித்தால் நமக்கே வயிறு தாங்காது. இது தெரியாமல், நகரத்து அபார்ட்மென்டுக்கு விற்கும் எஸ்டிபி என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைக் கொண்டுவந்து இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் காற்றடிக்கும் புளோயர் இரவும் பகலும் ஓட வேண்டும். கரண்ட் போகும். ஜெனரேட்டர் போட்டால் சத்தத்தில் விருந்தாளி புகார் சொல்வார். ஆள் இல்லாத நாளில் மின்கட்டணத்துக்குப் பயந்து அணைத்துவிடுவார்கள். மூச்சில்லாமல் பாக்டீரியா செத்துப்போகும். நான் பார்த்த இயந்திரங்களில் பாதி, அதிகாரிகள் வரும் அன்றைக்கு மட்டும் ஓடுபவை.

மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் ஆசிட் கொன்றுவிடும். அங்கே சுத்தம் செய்யும் அக்கா சொன்னார், "ஆசிட் ஊத்துனாத்தான் சார் கறை போகுது, இல்லாட்டி மேனேஜர் திட்டுவாரு." அவர் மேல் தப்பில்லை. போர் தண்ணீரின் உப்புக் கறை தேய்த்தால் போகாது. வினிகரை ஊற்றி அரைமணி நேரம் விட்டுத் தேய்க்கச் சொன்னோம். முக்கால்வாசி போனது; மீதியைப் பொறுத்துக்கொள்ள மேனேஜரைப் பழக்கினோம்.

அங்கே நான் பரிந்துரைத்தது நாணல் படுகை, அதாவது ஜல்லியும் செடி வேரும் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பாத்தி. சமையலறைத் தண்ணீருக்கு முதலில் எண்ணெய் பிடிக்கும் தொட்டி. அதன்பின் எல்லாம் செப்டிக் டேங்க், அடுத்து வாரக்கடைசி வெள்ளத்தை வாங்கி வைத்து மெதுவாக விடும் ஒரு தொட்டி, கடைசியில் ஜல்லி நிரப்பிய படுகை. ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் என்று வைத்தால் நாற்பது பேருக்கு இரண்டு சென்ட் இடம் போதும். சரிவு இருந்தால் மோட்டாரே வேண்டாம். முக்கியமாக, தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்குக் கீழேயே ஓடும். கொசு வராது, மான் வாய் வைக்க முடியாது. முதலில் கல்வாழை நட்டோம், ஒரே வாரத்தில் மான்கள் மேய்ந்துவிட்டன. அப்புறம் வெட்டிவேர் நட்டு, வேர் பிடிக்கும்வரை வேலி போட்டோம். முற்றிய தாளை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. வெளியே வரும் தண்ணீர் கழிப்பறை ஃபிளஷுக்குப் போகிறது. தோட்டத்துக்கு வேண்டாம் என்றேன். கோடையில் பச்சைப் புல் வளர்த்தால் அதுவும் ஒரு விருந்து அழைப்புதான்.

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சியாக வேண்டும். உறிஞ்சிய லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று எந்த முதலாளியும் கேட்பதில்லை. கேளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வருவேன் என்கிற லாரிக்காரருக்குப் போகிற வழியில் ஏதாவது ஓடை இருக்கும்.

சாப்பாட்டுக் கழிவுதான் எனக்கு இன்னும் பயம் தருவது. ஊரில் உரக்குழி நல்ல விஷயம். காட்டில் திறந்த உரக்குழி, ஓட்டலுக்குள் இன்னொரு ஓட்டல். காட்டுப்பன்றி கிளறும், குரங்கு அள்ளும், பலாச் சக்கைக்குக் கரடியும் யானையும் வரும். கோழிக் கழிவுக்குத் தெருநாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். அப்புறம் "ஊருக்குள் சிறுத்தை புகுந்தது" என்று செய்தி வரும்.

அதனால் காய்கறித் தோலுக்கும் மிச்சச் சோற்றுக்கும் மூடிய பயோகேஸ் தொட்டிதான் சரி. பத்துக் கிலோ போட்டால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு, அதாவது அரைக் கிலோ சிலிண்டர் கேஸுக்குக் கொஞ்சம் குறைவு. மார்கழிக் குளிரில் அதுவும் குறையும். காசு மிச்சமாகும் என்று சொல்லி இதை யாருக்கும் விற்க மாட்டேன், வாசனை மிச்சமாகும் என்றுதான் சொல்வேன். எலுமிச்சைத் தோல், எலும்பு, முட்டை ஓடு இதில் போகக்கூடாது. எலும்பை இரும்பு மூடி போட்ட டிரம்மில் பூட்டி வைத்து, இருட்டுவதற்குள் அனுப்பிவிட வேண்டும். இருட்டியபின் வெளியே ஒரு வாளிகூட இருக்கக்கூடாது.

பிளாஸ்டிக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. நீலகிரியில் தண்ணீர் பாட்டிலுக்கும் கெடுபிடி. கென்யா தன் தேசியப் பூங்காக்களில் 2020 ஜூன் 5 முதல் இதையே செய்தது. எனக்குப் பிடித்தது டாஸ்மாக் ஏற்பாடுதான். 2022 மே மாதத்திலிருந்து நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். உடைந்த பாட்டில் யானையின் பாதத்தைக் கிழிப்பதைத் தடுக்க நீதிமன்றம் தலையிட்டு வந்த ஏற்பாடு அது. ரிசார்ட் ஊழியர்கள் இப்போது புதருக்குள் தேடிப்போய்ப் பாட்டில் பொறுக்குகிறார்கள்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: அந்த இடத்தில் ரிசார்ட்டே எதற்கு? நியாயமான கேள்வி. 2018இல் சீகூர் யானை வழித்தடத்தில் பல ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில், வழித்தடம் பற்றிய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வழித்தடத்தை மறித்து நிற்கும் கட்டடத்தை எந்த நாணல் படுகையாலும் நியாயப்படுத்த முடியாது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து அழைப்பு வந்தால் நான் போவதில்லை. முறையான அனுமதியோடு வழித்தடத்துக்கு வெளியே இருப்பவற்றுக்குத்தான் இந்தப் பேச்சு.

தங்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. வெப்சைட்டில் 'எக்கோ' என்று எழுதியிருப்பதை விடுங்கள். காலையில் எழுந்ததும் சமையலறைக்குப் பின்பக்கம் ஒரு நடை போங்கள். அங்கே போகாதீர்கள் சார் என்று தடுத்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

அந்த ரிசார்ட்டில் குழாயை உள்ளே திருப்பி மூடிய பிறகும், பத்து நாள் போல மான்கள் வந்தன. காய்ந்த மண்ணை நக்கிப் பார்த்துவிட்டுப் போகும் என்று தோட்டக்காரர் சொன்னார். பிறகு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மேனேஜர் மறுபடி போன் செய்தார். நாற்றம் இல்லை, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றார். கொஞ்சம் தயங்கி, "சார், இப்ப கெஸ்ட் எல்லாம் மானைக் காணோம்னு ரிவ்யூ போடறாங்க. அந்த ஒரு பைப்பை மட்டும் சாயங்காலத்துல கொஞ்ச நேரம் திறந்து விட்டுக்கலாமா?"