இரண்டாம் தடவை கண்ணில் பட்ட ஜூஸ் பாக்கெட்

பாழடைந்த ஒரு வீடு. மின் இணைப்பு கிடையாது. ஜன்னல் வழியாக வெளியிலிருந்து இழுத்து வந்த ஒயரில்தான் விளக்கு எரிகிறது. காலையில் எழுந்த 16 வயதுப் பையன் ஒருவன், அங்கங்கே சுருண்டு கிடக்கும் சின்னப் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிறான். வாசலைத் தாண்டும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு ஜூஸ் பாக்கெட்டும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் கொடுத்து அனுப்புகிறான். பெற்றவர்கள் யாரும் அங்கே இல்லை. அந்தப் பையனின் பெயர் வாலஸ். போதைப்பொருள் விற்கும் கும்பலில் கடைநிலைக் கையாள்.

வெளியே ஒரு காரின் மேல் ஓர் இளைஞனின் பிணம் கிடக்கிறது. சித்திரவதை செய்து கொன்று, ஊர் பார்க்கட்டும் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று கும்பலுக்குத் தகவல் சொன்னவன் வாலஸ்தான்.

'தி வயர்' தொடரின் முதல் சீசன், 6ஆவது எபிசோடு. 2009இல் முதல் தடவை பார்த்தேன், இந்த வருடம் மறுபடி பார்த்தேன். இடைப்பட்ட காலத்தில் யாராவது என்னிடம் அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டிருந்தால், காரின் மேல் கிடந்த உடலை அப்படியே விவரித்திருப்பேன். ஜூஸ் பாக்கெட்டைச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பிள்ளைகளே என் நினைவில் இல்லை. எப்படித் தவறவிட்டேன் என்ற கேள்வி பல நாள் என்னை விடவில்லை. தேடிப் படித்தபோது, மூளை கதைகளை எப்படி வாங்கி வைக்கிறது என்பதற்கே அது ஒரு நல்ல வாசலாக இருந்தது.

பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தொடரில் சிலர் எப்படிச் சாகிறார்கள் என்பது கீழே வரும். 2002 முதல் 2008 வரை எச்பிஓ தொலைக்காட்சியில் 5 சீசன்கள், 60 எபிசோடுகள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் போலீசும் போதைக் கும்பலும்தான் தொடக்கம். அப்புறம் துறைமுகம், நகராட்சி அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை அலுவலகம் என்று விரிந்துகொண்டே போகும். உருவாக்கிய டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அதே ஊரில் துப்பறியும் அதிகாரியாக இருந்துவிட்டுப் பிறகு பள்ளி ஆசிரியரானவர்.

சரி, ஜூஸ் பாக்கெட் எங்கே போனது?

1987இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டசும் அவருடன் வேலை செய்தவர்களும் நடத்திய ஒரு சோதனை இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. துரித உணவுக் கடை ஒன்றில் ஒருவர் காசாளரிடம் வருகிறார். இதைப் படங்களாகக் காட்டினார்கள். சிலருக்குக் காட்டிய படத்தில் அவர் நீட்டியது காசோலை, மற்றவர்களுக்குக் காட்டியதில் துப்பாக்கி. பார்ப்பவர்களின் கண் எங்கே நிற்கிறது என்பதைக் கருவி வைத்து அளந்தார்கள். துப்பாக்கி இருந்தபோது கண் அதன்மேலேயே திரும்பத் திரும்பப் போய் அதிக நேரம் நின்றது. துப்பாக்கி நீட்டியவரின் முகத்தை அடையாளம் சொல்வது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. சாட்சிகளின் வாக்குமூலத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீதிமன்றங்களை யோசிக்க வைத்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

அச்சமும் அதிர்ச்சியும் வரும்போது கவனம் குவிகிறது. குவிந்த இடம் ஆழமாகப் பதிகிறது, சுற்றியிருப்பது மங்குகிறது. குற்றத் தொடர்களை முதல் தடவை பார்க்கும் நாம் எல்லாரும் அந்தக் கடையில் நிற்கும் சாட்சிகள் மாதிரிதான். பிணம் பதிந்தது. அதற்குச் சற்று முன் பிள்ளைகளின் கையில் இருந்தது பதியவில்லை.

அது மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. அதிர்ச்சியே இல்லாத காட்சிகளும் கரைந்துதான் போகின்றன. இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஜேனிஸ் சென் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2017இல் வெளியிட்டது. அதில் காட்டியதும் ஒரு குற்றத் தொடர்தான்: பிபிசியின் 'ஷெர்லாக்', முதல் எபிசோடு. எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுத்தபடி சுமார் 50 நிமிடம் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும், படுத்திருந்த இடத்திலேயே, யாரும் எடுத்துக் கொடுக்காமல் கதையை வாய்விட்டுச் சொன்னார்கள். சிலர் சுருக்கமாக முடித்துவிட்டார்கள், சிலர் நீட்டி விரித்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் சொந்த வார்த்தையில் சொன்னாலும், ஒரே காட்சியைச் சொல்லும்போது அவர்களின் மூளையில் தெரிந்த செயல்பாட்டு வடிவங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. இன்னும் வியப்பானது அடுத்தது. மூளையின் சில பகுதிகளில், ஒருவர் நினைவுகூரும்போது தோன்றிய வடிவம், அந்தக் காட்சியைப் பார்த்தபோது தோன்றியதைவிட, இன்னொருவர் அதை நினைவுகூரும்போது தோன்றிய வடிவத்தோடு அதிகம் ஒத்திருந்தது.

அதாவது பார்த்ததற்கும் நினைவுக்கும் நடுவில் ஏதோ ஒரு மாற்றம் நடக்கிறது. மூளை வீடியோவை அப்படியே எடுத்து வைப்பதில்லை. யார், எங்கே, என்ன ஆயிற்று என்று காட்சி காட்சியாகச் சாரத்தைப் பிழிந்து வைக்கிறது. சட்டையின் நிறம், ஓரத்தில் நின்றவர், கையில் இருந்த பாக்கெட் இவையெல்லாம் சக்கையோடு போய்விடுகின்றன. பத்துப் பதினைந்து வருடம் கழித்து நம்மிடம் மிஞ்சுவது அந்தச் சாரமும், அப்போது மனதில் எழுந்த உணர்ச்சியும்தான். 'எனக்கு அந்தத் தொடர் அத்துப்படி' என்று நாம் நம்பிக்கையோடு சொல்வது இந்தச் சாரத்தை வைத்துத்தான்.

சாரத்தைப் பிழிந்தவர் யார் என்பதும் முக்கியம். 2009இல் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த வயதில் ஜிம்மி மெக்நல்டி என்ற துப்பறிவாளர்தான் எனக்கு நாயகன். மேலதிகாரிகளை மதிக்காமல் வழக்கைத் துரத்துபவர். முதல் சீசனில் ஒரு காட்சி. தன் இரண்டு சின்ன மகன்களோடு சந்தைக்கு வந்த இடத்தில், கும்பலின் இரண்டாம் தலைவன் ஸ்ட்ரிங்கர் பெல் கண்ணில் படுகிறான். மெக்நல்டி தன் பிள்ளைகளையே அவன் பின்னால் அனுப்பி வேவு பார்க்கச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளையே காணோம். பதறிப்போய்த் தேடுகிறார். கடைசியில் பையன்கள் காரின் நம்பரோடு வந்து நிற்கிறார்கள். என் நினைவில் அது சாமர்த்தியமான, சிரிப்பு வரவழைக்கும் காட்சியாக இருந்தது. இந்தத் தடவை பார்த்தபோது வயிறு கலங்கியது. ஒரு கொலைகாரக் கும்பலின் ஆள் பின்னால் பெற்ற பிள்ளைகளை அனுப்புகிறாரே என்ற கோபம்தான் வந்தது. காட்சியில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. என் வீட்டில் இப்போது இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதையும் ஒரு சோதனை அழகாகக் காட்டியிருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் பிச்சர்ட், ஆண்டர்சன் என்ற இருவர் ஒரு சிறு கதையைப் பலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு சிறுவர்கள் ஒரு வீட்டைச் சுற்றி வரும் கதை. சிலரிடம் 'திருடன் கண்ணோடு படியுங்கள்' என்றார்கள், மற்றவர்களிடம் 'வீடு வாங்க வந்தவராகப் படியுங்கள்' என்றார்கள். திருடனாகப் படித்தவர்களுக்கு நாணயச் சேகரிப்பும் கலர் டிவியும் நினைவில் நின்றன. வாங்குபவராகப் படித்தவர்களுக்குக் கூரை ஒழுகுவது நின்றது. அதற்குப் பிறகுதான் விஷயமே. நினைவில் இருந்ததையெல்லாம் எழுதி முடித்தவர்களிடம், 'இப்போது பார்வையை மாற்றிக்கொண்டு மறுபடி எழுதுங்கள்' என்றார்கள். கதையைத் திரும்பப் படிக்கவில்லை. ஆனாலும் முதலில் எழுதாத சில விவரங்கள் வெளியே வந்தன. நாம் எந்தக் கண்ணோடு பார்க்கிறோம் என்பது உள்ளே போவதை மட்டுமல்ல, வெளியே வருவதையும் தீர்மானிக்கிறது.

முதல் தடவைக்கு இன்னொரு சுமையும் உண்டு. நம் மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய தனித்தனித் தகவல்கள் மிகக் குறைவு. ஏறக்குறைய 4 என்று 2001இல் நெல்சன் கோவன் கணித்தார். 'தி வயர்' முதல் எபிசோடிலேயே டஜன் கணக்கில் பெயர்களைக் கொட்டுகிறது. யார் யாருக்கு மேலதிகாரி, யார் யாருக்கு மச்சான் என்று எதையும் விளக்குவதில்லை. அந்தச் சுமையோடு முகபாவத்தை எங்கே கவனிப்பது?

இதைச் சதுரங்கத்தில் 1973இலேயே சேசும் சைமனும் காட்டினார்கள் (இவர் ஹெர்பர்ட் சைமன், தொடரை எழுதியவர் அல்ல). நிஜ ஆட்டத்தின் நடுவில் இருக்கும் பலகையை 5 வினாடி காட்டிவிட்டு மூடினால், கைதேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை அப்படியே அடுக்கிவிடுவார். புதியவருக்குச் சில காய்கள்தான் வரும். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தாலோ, கைதேர்ந்தவரின் சாமர்த்தியம் அநேகமாகக் காணாமல் போய்விடும். அவருக்குத் தனி ஞாபக சக்தி எதுவும் இல்லை. நாலைந்து காய்களை ஒரே பொதியாகப் பார்க்கிறார், அவ்வளவுதான். இரண்டாம் தடவை தொடர் பார்க்கும் நாமும் அப்படித்தான். பெயர்களும் உறவுகளும் ஏற்கெனவே பொதிகளாகக் கட்டப்பட்டிருக்கின்றன. கை காலியாக இருக்கிறது.

எனக்கு அந்தக் காலிக் கையில் கிடைத்தவர் பிரெஸ் என்ற போலீஸ்காரர். தொடக்கத்திலேயே காரணமில்லாமல் 14 வயதுப் பையனைத் துப்பாக்கியால் முகத்தில் அடித்து, ஒரு கண் பறிபோகச் செய்பவர். அதனால் அவரை மேசை வேலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கேதான் கும்பல் பேஜரில் (திருப்பி அழைக்க வேண்டிய எண்ணைக் காட்டும் சிறு கருவி) அனுப்பும் எண்களின் ரகசியத்தை உடைக்கிறார். தொலைபேசிப் பொத்தான்களில் நடுவில் இருப்பது 5. எந்த எண்ணையும் 5ஐத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் இருக்கும் எண்ணாக மாற்றி அனுப்புகிறார்கள்: 1க்கு 9, 2க்கு 8, 3க்கு 7, 4க்கு 6. 5க்கும் 0க்கும் இடமாற்றம். பால்டிமோரின் பகுதி எண் 410 இந்த முறையில் 695 ஆகிவிடும். முதல் தடவை புதிரின் விடையைத்தான் பார்த்தேன். இந்தத் தடவை பிரெசின் முகத்தைப் பார்த்தேன். 4ஆவது சீசனில் அவர் கணக்கு வாத்தியாராகப் போகிறார் என்று தெரிந்ததால், எண்களைச் சக போலீசாருக்கு விளக்கும்போது முகத்தில் வரும் வெளிச்சம் அப்படியே ஓர் ஆசிரியருடையதாகத் தெரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். முடிவு தெரிந்துவிட்டால், 'அப்போதே தெரிந்ததுதானே' என்று மனம் சொல்ல ஆரம்பித்துவிடும். 1975இல் பாருக் ஃபிஷாஃப் 1814ஆம் வருடத்து ஆங்கிலேய-கூர்க்கா மோதலைப் பற்றிய விவரங்களைப் படிக்கக் கொடுத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு முடிவை 'நடந்தது' என்று சொன்னார். எந்த முடிவைச் சொன்னாலும், சொல்லப்பட்டவர்கள் அதுதான் நடக்க வாய்ப்பு அதிகமாக இருந்தது என்று கணித்தார்கள். பிரெசின் முகத்தில் நான் பார்த்த ஆசிரியரில் எத்தனை பங்கு நடிகருடையது, எத்தனை பங்கு முடிவு தெரிந்த என்னுடையது என்று பிரிப்பது கஷ்டம்.

போதாததற்குத் தொடரே கொஞ்சம் மாறியிருக்கிறது. பழைய டிவியின் அளவுக்கு, சதுரத்துக்கு நெருக்கமான சட்டத்தில் எடுத்த தொடரை 2014 கடைசியில் எச்பிஓ அகலத்திரைக்கு மாற்றி வெளியிட்டது. சில காட்சிகள் அதனால் மேம்பட்டன, சில இழந்தன என்று டேவிட் சைமனே எழுதினார். எனக்குப் பழைய சட்டம்தான் பிடிக்கும். அந்த நெருக்கத்தில்தான் அந்தத் தெருவின் மூச்சுமுட்டல் இருக்கிறது.

முடிவு தெரிந்தும் ஏன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட ஆழமான கேள்வி. ரிச்சர்ட் கெரிக் 1980களின் கடைசியிலேயே இதை ஆராய்ந்தார். நன்றாகத் தெரிந்த முடிவைக்கூட, கதைக்குள் இருக்கும்போது மனம் சந்தேகத்துக்கு உரியதாகவே நடத்துகிறது என்று கண்டார். கதை கேட்கும் மனம் ஒவ்வொரு கணத்தையும் புதிதாக நடப்பதாகவே எடுத்துக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது என்பது அவர் விளக்கம். ஆனால் தெரிந்த அறிவும் சும்மா இருப்பதில்லை. 2021இல் லீ, அலி, பால்டசானோ என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு படத்தின் 90 வினாடித் துண்டை ஸ்கேனருக்குள் 6 தடவை பார்த்தவர்களின் மூளையில், அடுத்த காட்சிக்குரிய வடிவம் அந்தக் காட்சி வருவதற்குச் சில வினாடிகள் முன்பே எழத் தொடங்கியது. இது ஒரே அமர்வில் நடந்தது. வருடங்கள் கழித்துப் பார்ப்பதற்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்வைப் படித்ததும் எனக்கு 12ஆவது எபிசோடுதான் ஞாபகம் வந்தது.

வாலஸ் தன் கூட்டாளிகள் போடியோடும் பூட்டோடும் அந்தப் பாழ்வீட்டுக்குத் திரும்புகிறான். பிள்ளைகளைத் தேடி உள்ளே போகிறான். மேலிடத்து உத்தரவோடு போடியின் கையில் துப்பாக்கி இருக்கிறது. அவனுக்கும் சின்ன வயசுதான், கை நடுங்குகிறது. கதவைத் தாண்டும்போதே என் மனம் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுவிட்டது. அதே நேரம், சுடாமல் விட்டுவிடுவான் என்றும் நம்பிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டைத்தான் பார்த்தேன்.

அன்றிரவே 3ஆவது எபிசோடுக்குத் திரும்பிப் போனேன். முற்றத்தில் பழைய சோபா. வாலசும் போடியும் எதிரெதிரே உட்கார்ந்து, சதுரங்கக் காய்களை வைத்துக்கொண்டு செக்கர்ஸ் என்ற வேறோர் எளிய ஆட்டத்தை ஆடுகிறார்கள். கும்பலில் அவர்களுக்கு மேலாளான டி'ஆஞ்சலோ வந்து சதுரங்கத்தைச் சொல்லித் தருகிறான். ராஜா எப்போதும் ராஜாதான், சிப்பாய்கள் சீக்கிரம் வெட்டுப்படும் என்கிறான். கெட்டிக்காரச் சிப்பாயாக இருந்தால் அப்படி ஆகாது என்று போடி சிரித்துக்கொண்டே சொல்கிறான். வாலஸ் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.