பயோசெராமிக்: தமிழில் என்ன சொல்வது?

பல் மருத்துவரின் மேசையில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி. உள்ளே ரவை போல வெள்ளைக் குருணை. பல்லைப் பிடுங்கிய குழியில் எலும்பு தேய்ந்து போகாமல் இருக்க, இதை நோயாளியின் ரத்தத்தில் குழைத்து வைப்பார்கள். "இது பயோசெராமிக்" என்றார் மருத்துவர். பக்கத்தில் இருந்த பெரியம்மா, "செராமிக்னா பீங்கான்தானே? அதையா வாயில வைக்கிறீங்க?" என்று கேட்டார். "உங்க எலும்புல இருக்கிற சரக்குதாம்மா இது" என்று பதில் வந்தது. பெரியம்மா கேட்ட கேள்விக்குள்ளேயே இந்தச் சொல்லின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

பயோ, செராமிக் இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. 'பியோஸ்' என்றால் உயிர் வாழ்தல். 'கெராமோஸ்' என்றால் குயவர் கையாளும் மண், அதில் வனைந்து சுட்ட கலம். ஏதென்ஸில் குயவர்கள் வாழ்ந்த பகுதிக்கே கெராமெய்கோஸ் என்று பெயர். நம் சென்னையில் செங்கல் சூளைகள் இருந்த இடம் சூளை ஆனது போலத்தான்.

ஆனால் இன்றைய அறிவியலில் செராமிக் என்றால் மண் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இடுப்பு மூட்டில் பந்தாக வைக்கும் அலுமினாவில் (அலுமினிய ஆக்சைடு) களிமண் கிடையாது. பல்லுக்கு உறை போடும் சிர்கோனியாவிலும் கிடையாது. மண் போய்விட்டது, சூளை மட்டும் தங்கிவிட்டது. மருத்துவரின் குப்பியில் இருந்தது ஹைட்ராக்சிஅபடைட். அதன் தூளை அழுத்தி 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால், துகள்கள் முழுக்க உருகாமலே ஒன்றோடொன்று பிடித்து இறுகிவிடும். சரி, அந்த ஹைட்ராக்சிஅபடைட் என்பது என்ன? கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். நம் எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதன் நெருங்கிய உறவான ஒரு தாதுதான். மருத்துவர் சொன்னது சரி.

அடுத்து அந்த 'பயோ'. பலரும் தவறுவது இங்கேதான். பயோகேஸ் என்றால் உயிர்ப்பொருளிலிருந்து வந்த வாயு. அதனால் 'உயிரி எரிவாயு' பொருந்துகிறது. பயோசெராமிக்கில் வரும் பயோ, பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை, எங்கே போகிறது என்று சொல்கிறது. உயிருள்ள உடலுக்குள் வைப்பதற்கான செராமிக், அவ்வளவுதான். ஸ்வாட்ச் நிறுவனம் தன் கைக்கடிகாரங்களுக்கும் பயோசெராமிக் என்றே பெயர் வைத்திருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு செராமிக் தூள், மிச்சம் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த பிளாஸ்டிக். அந்த பயோ வேறு, மருத்துவமனையின் பயோ வேறு.

உடலுக்குள் போனபின் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 1970இல் பிரான்சில் பியர் பூத்தான் இடுப்பு மூட்டுக்கு அலுமினாவைப் பயன்படுத்தினார். அது எளிதில் தேயாமல் உழைக்கும், ஆனால் எலும்போடு உறவாடாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த இன்னொரு பொருளான டிரைகால்சியம் பாஸ்பேட் இதற்கு நேர்மாறு. மெல்லக் கரைந்து, புது எலும்புக்கு இடம் விட்டுப் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது, எலும்போடு ஒட்டிக்கொள்ளும் மூன்றாவது வகை. 1967இல் அமெரிக்கப் பொருளறிவியலாளர் லாரி ஹெஞ்ச் ஒரு கருத்தரங்குக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஏற்க மறுப்பதால் கை கால்களை வெட்ட வேண்டியிருக்கிறது, உடல் ஏற்கிற பொருளை உங்களால் செய்ய முடியாதா என்று அவர் கேட்டார். ஹெஞ்ச் ஒரு கண்ணாடி செய்தார். எடையில் 45 விழுக்காடு சிலிக்கா, கால்சியம் ஆக்சைடும் சோடியம் ஆக்சைடும் தலா 24.5, பாஸ்பரஸ் ஆக்சைடு 6. எலியின் தொடை எலும்பில் வைத்து, ஆறு வாரம் கழித்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. கண்ணாடியின் சோடியம் உடல்நீரில் கரைந்து வெளியேற, மேலே சிலிக்கா பசை போலப் படிந்து, அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் கூடி எலும்புத் தாதுவாகவே மாறியிருந்தது. எலும்பு அதைத் தன் சொந்தமாக எண்ணிப் பிடித்துக்கொண்டது. 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று இதே கண்ணாடி நடுச்செவியின் குட்டி எலும்புகளுக்கு மாற்றாகவும் வந்தது.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? பீங்கான் எல்லோருக்கும் தெரிந்த சொல், பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறித்து வந்தது. ஆனால் கேட்டதும் தட்டும் கோப்பையும்தான் கண்முன் வரும். பெரியம்மா பயந்ததும் அதனால்தான். 'வெங்களி' என்று எழுதுபவர்கள் உண்டு. அழகான சொல், ஆனால் களி என்றால் களிமண் வந்துவிடுகிறது. 'சுட்டாங்கல்' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சூடும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது, மண் இல்லை. அபடைட் ஒரு கல்தானே!

முன்னொட்டாக 'உயிரி' வேண்டாம். அதைப் போட்டால் பவளத்திலிருந்தோ கணவாய் ஓட்டிலிருந்தோ செய்தது என்று பொருள்படும். அப்படிச் செய்வதும் உண்டு என்பதால் குழப்பம் இன்னும் கூடும். உடல் ஏற்கிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே 'உடலேற்புச் சுட்டாங்கல்' என்பேன். நோயாளியிடம் பேசும்போது 'எலும்புக்கல் தூள்' என்றாலே போதும், புரியும்.

ஒன்றுக்கு மட்டும் இந்தப் பெயர் ஒட்டாது. கால்சியம் பாஸ்பேட் தூளை நீர்மத்தில் பிசைந்து, குழைவாக எலும்புப் பள்ளத்தில் ஊசியால் செலுத்துகிறார்கள். உடல் சூட்டிலேயே அது இறுகிவிடும். ஆங்கிலத்தில் அதையும் பயோசெராமிக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் சூளையே பார்க்காத பொருளைச் சுட்டாங்கல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொத்தனார் பூசும் காரை போலக் குழைத்து, பூசி, இறுக விடுவதால் அதற்கு 'எலும்புக்காரை' என்று பெயர் வைக்கலாம்.