அமைதியான பிள்ளையை ஹெல்ப்டெஸ்கிலிருந்து விரட்டாதீர்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு தகப்பனார் தன் மகளை அழைத்துக்கொண்டு எங்கள் அலுவலக வாசலில் நின்றிருந்தார். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து இலந்தைக்குளம் வந்து சேர்வதற்குள் நண்பகல் ஆகியிருந்தது. வேலையில் சேர்ந்த பன்னிரண்டாம் நாள் மகள் ராஜினாமா அனுப்பிவிட்டாள். அடையாள அட்டையையும் ஹெட்செட்டையும் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்கள்.

"தப்பாக நினைக்காதீர்கள் மேடம். இவள் வீட்டிலும் இப்படித்தான், வாயே திறக்க மாட்டாள். இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று டிரெயினிங்கிலேயே சொல்லிவிட்டார்களாம்" என்றார். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

இந்த ஆண்டில் மட்டும் இது நான்காவது. கடைகளுக்கும் மருந்தகங்களுக்குமான பில்லிங் மென்பொருளுக்குப் போனிலும் சாட்டிலும் உதவி செய்கிற பிரிவில் பதின்மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். அவற்றில் எட்டு ஆண்டுகள் குழுத் தலைவராக. வாரந்தோறும் நாற்பது, ஐம்பது அழைப்புகளின் பதிவைக் கேட்டு மதிப்பெண் போடுவதும் என் பொறுப்பு. இயல்பில் நான் கலகலப்பாகப் பேசுகிறவள். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்: இந்தத் துறையில் யார் நிலைப்பார்கள் என்பது பற்றி நம் ஊரில் நிலவும் எண்ணம் அடியோடு தவறு.

அவர்களைக் கேன்டீனில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெண் எடுத்த ஒன்பது அழைப்புகளையும் கேட்டேன். ஏழில் பிரச்சினையைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். பன்னிரண்டு நாள் அனுபவத்துக்கு அது மிக நல்ல கணக்கு. ஆறாவது அழைப்பில்தான் வினை. வாடிக்கையாளர் சிக்கலைச் சொல்லி முடிக்கிறார். இவள் "சரிங்க சார்" என்கிறாள். அதன்பின் ஒரு நிமிடம் நாற்பது நொடி சத்தமே இல்லை. கீபோர்டு தட்டும் ஓசை மட்டும் கேட்கிறது. "ஹலோ… ஹலோ… இருக்கிறீர்களா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த நேரத்தில் இவள் அவருடைய லைசென்ஸ் கோப்பைத் தேடி எடுத்து, காலாவதி தேதியையும் பார்த்துவிட்டாள். விடை கையில் இருந்தது, கேட்க வேண்டியவர்தான் அந்தப் பக்கம் இல்லை.

பயிற்சியாளர் அந்த அழைப்பின் கீழே எழுதியிருந்த குறிப்பு: "உற்சாகம் போதாது. இன்னும் கலகலப்பாகப் பேச வேண்டும்."

எனக்கு ஆத்திரம் வந்தது இந்த வரியைப் படித்தபோதுதான். "லைசென்ஸ் விவரத்தைப் பார்க்கிறேன் சார், ஒரு நிமிடம் ஆகும், இணைப்பிலேயே இருங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கற்றுக்கொடுக்க வேண்டியதும் அந்த ஒரு வாக்கியம்தான். அதை விட்டுவிட்டு அவளுடைய குணத்தையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். குணத்தை மாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் ராஜினாமா எழுதிவிட்டாள்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல். மாட்டுத்தாவணியில் காய்கறி ஏலம் எடுப்பவருக்கு அது பொருந்தலாம். உதவிப் பிரிவுக்குப் போன் செய்கிறவரோ தானே பேசுவதற்கு வந்தவர். அவருடைய கம்ப்யூட்டர் நின்றுபோயிருக்கிறது, கடை வாசலில் ஆள் நிற்கிறது. அவர் பொரிந்து தள்ளுவார். அதற்குள் கிடக்கும் ஒரு வரியைப் பிடிக்கிற காதுதான் நமக்கு வேண்டும். தொழில்முறை விற்பனையாளர்களிடமே கூட அதிகம் பேசுகிறவர் முதலிடம் பிடிப்பதில்லை. போனில் விற்பனை செய்யும் 340 பேரை ஆராய்ந்து ஆடம் கிராண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், அதிக வருவாய் ஈட்டியவர்கள் ஓயாமல் பேசுகிறவர்களும் அல்லர், மிக ஒடுங்கியவர்களும் அல்லர், நடுவில் இருப்பவர்கள். விற்பனையிலேயே இப்படி என்றால், கேட்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு என்ன பேச்சு?

ஓர் உதாரணம். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரி. பில்லை இணையத்தில் ஏற்ற முடியவில்லை என்று இரண்டு நாளாக அழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் குழுவிலேயே நன்றாகப் பேசக்கூடிய ஒருவர் இரண்டு முறை மென்பொருளை அழித்து மறுபடி நிறுவிக் கொடுத்தார். மூன்றாம் நாளும் அதே கதை. அன்று அழைப்பு போய்ச் சேர்ந்தது ஒரு பையனிடம். சாப்பாட்டு வேளையில்கூடத் தனியாக உட்காருகிறவன். வியாபாரி ஐந்து நிமிடம் திட்டினார். அவன் குறுக்கிடவே இல்லை. திட்டுக்கு நடுவே அவர் சொன்னது இது: "காலையில் ஆன் செய்தால் எஃப்1 அழுத்து என்கிறது, அழுத்துகிறேன், அதற்கு மேல் நான் என்ன செய்வது?"

"ஐயா, திரையில் வலது மூலையில் கீழே என்ன தேதி காட்டுகிறது?" என்று கேட்டான்.

சிறிது நேரம் அமைதி. "தம்பி, இது 2015 என்கிறதே!"

கம்ப்யூட்டரின் மதர்போர்டில், மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருந்தது. எஃப்1 அழுத்தச் சொன்னதும் அதனால்தான். ஒவ்வொரு இரவும் மின்சாரத்தை அணைத்ததும் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ் செல்லாது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துவிடும், இணைப்பு நடக்காது. (புதிதாக வந்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: எதையும் அழித்து நிறுவும் முன் தேதியைப் பாருங்கள்.) முந்தைய இரண்டு நாள் பதிவுகளையும் பிறகு எடுத்துக் கேட்டேன். அந்த எஃப்1 வாக்கியத்தை முதல் நாளே வியாபாரி சொல்லியிருக்கிறார். அவர் சொல்லும் அதே நொடியில் எங்கள் ஆள், "கவலையே வேண்டாம் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இனிமையாகக் குறுக்கே பேசியிருக்கிறார்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். இங்கே மூன்று வேறு வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டி "கூச்ச சுபாவம்" என்று எழுதிவிடுகிறார்கள். அகமுகம் (இன்ட்ரோவர்ட்), புறமுகம் (எக்ஸ்ட்ரோவர்ட்) என்ற பிரிவை சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் நூலாக விரித்தபோதே, ஒருவருடைய மனம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பேச்சாக இருந்தது. தனிமையில் தெம்பு பெறுவது ஓர் இயல்பு, அதற்கு வைத்தியம் கிடையாது, தேவையும் இல்லை. மனிதர்களைக் கண்டாலே நெஞ்சு படபடப்பது, அழைப்பு வருமோ என்று முந்தைய இரவே தூக்கம் கெடுவது வேறு. அது பயம். அதற்குச் சிகிச்சை உண்டு. அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தயவுசெய்து வெட்கப்படாதீர்கள்.

மூன்றாவதுதான் நம் மாவட்டத்தில் மிகுதி, யாரும் பேசாததும் அதுதான்: ஆங்கிலம் வராத மௌனம். உசிலம்பட்டி, மேலூர், பேரையூர்ப் பக்கமிருந்து தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் வாயடைத்துப் போகிறார்கள். "அமைதியானவர், தன்னம்பிக்கை குறைவு" என்று படிவத்தில் ஏறிவிடுகிறது. அதே பிள்ளையைத் தமிழில் பேசவிடுங்கள், ஊர்த் திருவிழாவில் மைக் பிடித்தவர் என்பது தெரியவரும்! மொழியைப் பயிற்சியால் ஆறு மாதத்தில் தேற்றிவிடலாம். தேர்வாளர்களே, எந்த மௌனம் என்று பார்க்காமல் எழுதாதீர்கள். எங்கள் அழைப்புகளில் பெரும்பகுதி தமிழில்தான் நடக்கின்றன. அதற்கும் ஆங்கில நேர்முகம் எதற்கு என்று நான் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வேலை எளிது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஷிப்டில் முப்பது, நாற்பது அழைப்பு. கோபத்தை விழுங்கிக்கொண்டு கனிவாகப் பேசுவதும் உழைப்புதான். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983-லேயே அதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். அகமுக இயல்புள்ளவர்கள் மாலையில் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் யாரோடும் பேசாமல் இருந்தால், பெற்றோரே, அதைத் திமிர் என்று எண்ணாதீர்கள். அது அவர்களுக்குச் சாப்பாடு மாதிரி.

"அப்படியானால் சாட்டுக்கு மாற்றிவிடுங்கள்" என்று பலர் சொல்கிறார்கள். சாட்டில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பதில் எழுத வேண்டும். நிதானமாக ஒன்றை ஆழ்ந்து பார்க்கிற மனதுக்குப் போனைவிட அது கடினம். அவர்களிடமே கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இந்த வேலைக்கு வரும் அமைதியான பிள்ளைகளுக்கு:

முதல் இரண்டு வாக்கியங்களை எழுதிக் கண்முன் ஒட்டிவையுங்கள். வணக்கம், பெயர், என்ன உதவி என்பதில் தடுமாறாவிட்டால் மீதி தானாக வரும். மௌனமாகும் முன் ஏன் மௌனமாகிறீர்கள் என்று சொல்லுங்கள், ஒவ்வொரு முப்பது நொடிக்கும் ஒரு வார்த்தை கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடாமல் "4 மணிக்கு அழைக்கிறேன்" என்று நேரம் சொல்லுங்கள், விடை கிடைக்காவிட்டாலும் 4 மணிக்கு அழையுங்கள். ஒருவர் கத்தி முடித்தவுடன் அடுத்த அழைப்பை எடுக்காதீர்கள், குழுத் தலைவரிடம் ஐந்து நிமிட இடைவெளி கேளுங்கள். கேட்கக் கூசினால் எழுதிக் கேளுங்கள். டிக்கெட்டை, அதாவது ஒவ்வொரு புகாருக்கும் எழுதும் பதிவை, மூன்று வார்த்தையில் மூடாதீர்கள்; விவரமாக எழுதுவது உங்களுக்கு வரும், அதுதான் உங்களை அடுத்த நிலைக்குக் கொண்டுபோகும். மூன்று மாதம் முடியும் முன் ராஜினாமா எழுதாதீர்கள். இது கெஞ்சல்தான்.

செய்ததைச் சொல்லாமல் இருப்பது மட்டும் கூடாது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 சதவீதப் படிகள் பெரும்பாலும் போய், 5, 18 என்று சுருங்கின. மருந்துகள் பலவும் 12-இலிருந்து 5-க்கு வந்தன. பழைய இருப்புக்கு எந்த விகிதம் போடுவது என்று மருந்தகங்கள் பதறும் என்பதை முன்கூட்டியே யோசித்து, எங்களில் ஒரு பெண் இரண்டு பக்கக் குறிப்பு தயாரித்தாள்: விற்கும் நாளின் விகிதமே செல்லும், விகித அட்டவணையை எங்கே மாற்றுவது, எந்தப் பொத்தானைத் தொடக் கூடாது, எல்லாம் படங்களோடு. அந்த வாரம் முழுவதும் குழு பிழைத்தது அந்தக் காகிதத்தால். அவள் தன் பெயரைப் போடவில்லை. அதை எல்லோருக்கும் அனுப்பியவருக்குப் பாராட்டு போய்விட்டது. எனக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அது என் தவறும்கூட. அதன்பின் என் குழுவில் வெள்ளிக்கிழமைதோறும் மூன்று வரி மின்னஞ்சல் கட்டாயம்: இந்த வாரம் என்ன தீர்த்தேன், எதை எழுதினேன், எதில் நிற்கிறேன். பேசத் தேவையில்லை. அந்தப் பெண் இப்போது இரண்டாம் நிலையில், சர்வர் பதிவுகளைப் பார்த்துப் பிழை பிடிக்கிறாள்.

குழுத் தலைவர்களே, வெள்ளிக்கிழமை மாலை எல்லோரையும் எழுப்பிப் பாடச் சொல்வதை நிறுத்துங்கள். தூண் ஓரத்து இருக்கையைக் கேட்கிறவருக்குக் கொடுங்கள். இரண்டு காதையும் மூடும் ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள். "உற்சாகம் போதாது" என்று எழுதும் முன் எந்த நொடியில், எந்த வாக்கியம் விடுபட்டது என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் நீங்கள் பதிவைச் சரியாகக் கேட்கவில்லை.

பெற்றோர்களே, ஆளுமை வளர்ச்சி வகுப்பு என்று பத்தாயிரம், பதினைந்தாயிரம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துப் பிரித்துப் பார்க்கவிடுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, ராஜினாமா அனுப்பிய பெண்ணைக் கூப்பிட்டு ஆறாவது பதிவைப் போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்க முதலில் மறுத்தாள். பிறகு ஹெட்செட்டைத் தானே மாட்டிக்கொண்டாள்.

"இந்த இடத்தில் நான் லைசென்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன் மேடம்" என்றாள்.

"தெரிகிறது. அவரிடம் சொன்னாயா?"

மறுபடி அந்த இடத்துக்கு நகர்த்திக் கேட்டாள். "இல்லை."

"அவ்வளவுதானம்மா உன் குறை."

தகப்பனார் நம்பவில்லை. "அவ்வளவுதானா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு காலை ஷிப்டுக்கு உசிலம்பட்டியிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று விசாரித்தார். அவள் பதில் சொல்லவில்லை. யோசித்து வெள்ளிக்கிழமை சொல்வதாக எழுதி அனுப்பியிருக்கிறாள். ஹெட்செட்டை நான் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.