டிஷ் எங்கே பார்க்கிறது?

எங்கள் மொட்டைமாடி டிஷ்ஷுக்கு ஒரு விநோதமான வியாதி இருந்தது. தை, மாசியில் படம் பளிச்சென்று வரும். சித்திரை பிறந்தால் திக்க ஆரம்பிக்கும்; முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். மழை கிடையாது, பெருங்காற்று கிடையாது. மெக்கானிக் வந்தார், எல்என்பியை (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்று சிக்னலைப் பிடிக்கும் சின்னப் பெட்டி) மாற்றினார், பணம் வாங்கிக்கொண்டு போனார். மறுவாரமே பழைய கதை. இரண்டாவது தடவையும் எல்என்பியைத்தான் மாற்றினார். டிஷ்ஷுக்கு எதிரே ஏதாவது மறைக்கிறதா என்று அவரும் நானும் பார்த்தோம். எதிரே வெட்டவெளி.

நாங்கள் பார்த்த ‘எதிரே’தான் தப்பு.

தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் சேனல்கள் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், பூமி சுழலும் வேகத்துக்கே அதுவும் சுற்றுவதால், வானத்தில் ஆணியடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 68 டிகிரியில். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம் அது. ஆனால் நம் வீட்டு டிஷ் அப்படி அண்ணாந்தா பார்க்கிறது? எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை முறைப்பது போலல்லவா நிற்கிறது!

காரணம், அது முழுக் கிண்ணம் இல்லை. பெரிய பரவளையக் கிண்ணம் ஒன்றின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. எல்என்பி கீழே ஒதுங்கி நிற்பதால் வரும் அலையை அதுவே மறைப்பதில்லை; தட்டில் மழைத் தண்ணீரும் தேங்காது. இந்த வசதிக்கு விலையாக, டிஷ்ஷின் முகம் காட்டும் திசையைவிட அது உண்மையில் பார்க்கும் திசை 25 டிகிரி போல உயரத்தில் இருக்கிறது.

அந்தப் பார்வையும் மிகக் குறுகலானது. அலையின் நீளம் சுமார் 2.5 செ.மீ.; 60 செ.மீ. தட்டுக்குக் கிடைக்கும் பார்வை அகலம் 3 டிகிரிக்குள்தான். தட்டு 1 செ.மீ. கூடுதலாகச் சாய்ந்தாலே கிட்டத்தட்ட 1 டிகிரி போய்விடும். செயற்கைக்கோள் இருக்கும் தூரத்தில் அந்த ஒரு டிகிரி 600 கி.மீ.க்கு மேல். டிஷ் கம்பத்தில் கொடிக் கயிறு கட்டி ஈரப் போர்வை காயப்போடும் வீடுகளில் திங்கட்கிழமைதோறும் படம் போவதற்கு வேறு மர்மம் தேட வேண்டாம். கம்பம் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தாலும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்த கம்பத்தில் டிஷ்ஷை இடவலம் திருப்பும்போதெல்லாம் அதன் உயரக் கோணமும் கூடவே மாறும்; நாள் முழுக்கத் திருப்பினாலும் சிக்னல் சிக்காது.

செட்டாப் பாக்ஸின் சிக்னல் பக்கத்தில் இரண்டு பட்டைகள் இருக்கும்: ஒன்று பலம், இன்னொன்று தரம். பலம் என்பது எல்என்பி பிடித்துப் பெருக்கி அனுப்பும் எல்லாச் சத்தத்தின் கூட்டு. வானத்தின் இரைச்சலும் எல்என்பியின் சொந்த இரைச்சலும் அதில் சேர்த்தி. சந்தையில் எவ்வளவு கூச்சல் என்று அது சொல்லும். அந்தக் கூச்சலில் நமக்கு வேண்டியவர் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதைத் தரம் சொல்லும். இரண்டும் பூஜ்யம் என்றால் கேபிள், கனெக்டர், எல்என்பி ஆகியவற்றில் ஏதோ ஒன்று செத்திருக்கிறது. பலம் நன்றாக இருந்து தரம் மட்டும் விழுந்தால், பெரும்பாலும் டிஷ் திசை மாறியிருக்கிறது, அல்லது நடுவில் ஏதோ மறைக்கிறது. எங்கள் வீட்டில் விழுந்தது தரம் மட்டும்தான். அதைப் பார்த்த பிறகும் எல்என்பியை மாற்ற விட்டது என் தப்பு.

சில சேனல்கள் வந்து சில வராமல் போனால் கதை வேறு. எல்என்பிக்கு வேண்டிய மின்சாரம், சிக்னல் வரும் அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகிறது. 13 வோல்ட் போனால் செங்குத்தாக அதிரும் அலைகளை எல்என்பி எடுக்கும். 18 வோல்ட் போனால் கிடைமட்ட அலைகளை. கனெக்டர் பச்சை பூத்து அரித்திருந்தால் 18 வழியிலேயே தேய்ந்துவிடும். எல்என்பி அதை 13 என்று நினைத்துக்கொள்ளும். கிடைமட்ட அலைகளில் வரும் சேனல்கள் மட்டும் காணாமல் போகும்.

சரி, மழை. டிஷ்ஷுக்கு வரும் 12 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகளை மழைத்துளி உறிஞ்சுகிறது, சிதறடிக்கிறது. போதாததற்குத் தானும் இரைச்சலை உமிழ்கிறது. டிஜிட்டல் சிக்னலில் பிழைகளைத் திருத்திக்கொள்ளக் கூடுதல் தகவல் சேர்த்தே அனுப்புகிறார்கள். அதனால் ஓரளவு வரை நமக்கு ஒன்றுமே தெரியாது; எல்லை தாண்டினால் மொத்தமாகக் கவிழும். பழைய ஆன்டெனா காலத்தில் திரையில் கொட்டிய புள்ளி மழையெல்லாம் இப்போது இல்லை. திசை சற்றே பிசகிய டிஷ், வெயில் நாளில் அந்த எல்லை ஓரத்திலேயே நடந்துகொண்டிருக்கும். நாலு தூறல் விழுந்ததும் தடுக்கி விழும். சில நாள் நம் தெருவில் ஒரு துளி விழுவதற்கு முன்பே படம் போகும். மழை உருவாகும் 5 கி.மீ. உயரத்தில் அலையின் பாதை நமக்குத் தென்கிழக்கே 2 கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே பெய்யும் மழை அது. மழை விட்டு வெகுநேரமாகியும் படம் திரும்பவில்லை என்றால் கனெக்டருக்குள் தண்ணீர். அதற்குக் கீழே கேபிளைத் தொய்வாக ஒரு வளைவு விட்டுக் கட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிப் போகும்.

எங்கள் வியாதிக்கு வருகிறேன். ஒரு மார்ச் நடுவில், காலை 11 மணி தாண்டியதும் படம் சில நிமிடம் அடியோடு நின்றது. மறுநாளும் அதே நேரம். புது வியாதி என்று பயந்து மாடிக்கு ஓடினேன். ஆனால் அது வியாதியே இல்லை. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்களுக்குச் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து போகும். டிஷ் பார்வைக்குள் சூரியனே வந்துவிட்டால் அதன் ரேடியோ இரைச்சலில் மற்றதெல்லாம் அமுங்கிப்போகும். அது நகர்ந்ததும் படம் தானே திரும்பும்.

மாடியில் நான் பார்த்தது இன்னொன்றை. டிஷ்ஷின் மேல்பாதியில் இலை நிழல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் வெயில் வரும் பாதைதான் சிக்னல் வரும் பாதையும். அண்ணாந்து பார்த்தேன்: எதிரே இல்லை, தலைக்கு மேலே, பக்கத்து மனை வேம்பின் கிளை. மாசியில் மொட்டையாக நின்று, பங்குனியில் துளிர்த்து, சித்திரையில் அடர்ந்துவிடும் கிளை. பச்சை இலை முழுக்கத் தண்ணீர். மழைத்துளி செய்வதை அதுவும் செய்யும்.

வேம்பை வெட்ட அம்மா விடமாட்டார். மறுநாள் அதே நேரத்தில் மாடியில் சுற்றி, நிழல் விழாத இடமாக வடமேற்கு மூலையில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். டிஷ் அங்கே போனது. அந்தச் சித்திரையில் திக்கல் இல்லை. கழற்றிப் போட்ட இரண்டு எல்என்பிகளும் பரணில் கிடக்கின்றன. போட்டுப் பார்த்தேன், இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன.