ஓடாமலே தேயும் கார்

பல்லாண்டு கொட்டகையில் கிடந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று சீரமைப்புக்கென விற்பனைக்கு வந்தால், வாங்க நினைப்பவர் கண் முதலில் போவது மைல் மீட்டருக்குத்தான். அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. ஓடும்போது உலோகத்தைத் தேய்ப்பது உராய்வு. நின்றுவிட்ட காரில் அந்த வேலையை ஈரம் எடுத்துக்கொள்கிறது. 1958 முதல் 1963 வரை ஏறத்தாழ 1,100 மட்டுமே தயாரான இந்தக் காரின் கட்டமைப்பே ஈரத்துக்கு வசதியானது.

மிலான் நகரின் டூரிங் நிறுவனம் வகுத்த சூப்பர்லெஜெரா முறையில், மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தியிருப்பார்கள். எடை குறையும். ஆனால் இரு உலோகங்களும் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அது ஒரு சிறு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடியாகி, பெயின்ட்டை உள்ளிருந்து கொப்புளமாகத் தள்ளும். கதவின் அடியையும் சக்கர வளைவுகளையும் விரலால் தடவிப் பாருங்கள். பள்ளத்தை நிரப்பிப் பூசி மறைத்த புட்டிப் பசையைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கும் வழக்கம் இங்கே உதவாது. புட்டியில் ஒட்டாத காந்தம் அலுமினியத்திலும் ஒட்டாது. அலுமினியத்தின் மேல் அளக்கக்கூடிய பெயின்ட் தடிமன் மீட்டர் வேண்டும்.

அதைவிடச் செலவு வைப்பது மறைந்திருக்கும் எஃகு: கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பெட்டிகள், அவற்றைச் சேஸிஸோடு இணைக்கும் தாங்கிகள், ஜாக்கி வைக்கும் இடங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் வெல்டிங் இணைப்புகளையே நெம்பிப் பிரித்துவிடும். துருவேறிய சில் பெட்டியை மாற்ற வெட்டும் முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டு செய்து நிறுத்துங்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். அவசரப்பட்டால் உடல் தொய்ந்து, கதவு பொருந்தாமல் போகும்.

எஞ்சின் 3,670 சிசி, ஆறு சிலிண்டர். அலுமினிய பிளாக்கில் கழற்றக்கூடிய வெட் லைனர்கள், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைக் குழாய்கள். கூலன்ட் லைனரின் வெளிப்புறத்தை நேரடியாகத் தொடும், அடியிலுள்ள ரப்பர் வளையங்கள் அதை ஆயிலில் கலக்காமல் தடுக்கும். சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கார் நின்றபோது ஏதோ ஒரு வால்வு திறந்தே இருந்திருக்கும். அதன் வழி புகுந்த ஈரக் காற்று பிஸ்டன் ரிங்கைத் துருவால் லைனரோடு ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் அந்த ஒட்டை உடைத்தால் ரிங்கும் சேர்ந்து உடையலாம்.

ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து சிலிண்டருக்கு 30 மில்லி வீதம் ஊற்றுங்கள். அசிட்டோன் ஆவி சட்டெனத் தீப்பற்றும், சிந்தினால் பெயின்ட்டைக் கரைக்கும். ஒரு வாரம் ஊறிய பின், கிராங்க் புல்லி போல்ட்டில் நீளப் பிடி மாட்டி, இரு திசையிலும் சில டிகிரி மட்டும் அசைத்து அசைத்து விடுவிக்க வேண்டும். சுழன்றுகொண்டிருந்தது சட்டென முட்டி நின்றால் விட்டுவிடுங்கள். ஒட்டிக்கொண்ட வால்வில் பிஸ்டன் இடிக்கக்கூடும். எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றியிருந்தால் இன்னொரு ஆபத்து: மேலேறும் பிஸ்டன் லைனரையும் தூக்கி அடி வளையங்களைக் கெடுக்கும். ஹெட்டைப் பிடிக்கும் திருகுத் தண்டுகளான ஸ்டட்டுகளில் குழாய்த் துண்டும் வாஷரும் நட்டும் போட்டு லைனர்களை அழுத்திப் பிடித்த பிறகே சுற்றுங்கள்.

“வாரம் ஐந்து நிமிடம் ஓடவிட்டுத்தான் வைத்திருந்தோம்” என்று விற்பவர் சொன்னால் மகிழ வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கும். சூடேறாத எஞ்சினில் அதன் ஒரு பகுதி, ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்பிலும் சைலன்சரிலும் தங்கிவிடும்.

டேங்கில் பழைய பெட்ரோல் ஆக்சிஜனேற்றத்தால் பிசினாகியிருக்கும். அதன்மேல் புதுப் பெட்ரோலை ஊற்றினால் பிசின் கரைந்து பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் எஸ்யூ கார்புரேட்டர் வழியாக வால்வுத் தண்டுவரை போகும். எஞ்சின் ஆறியதும் அங்கேயே இறுகி வால்வைப் பிடித்துக்கொள்ளும். டேங்க்கை இறக்கிக் கழுவுவதற்கு மாற்றே இல்லை. பிரேக் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள். உள்ளே உப்பிய ரப்பர் அழுத்தத்தை அனுப்பும், திரும்ப விடாது, பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பர் பிடித்தபடியே சூடேறும்.

முதல் முறை கிளப்பும் முன், பிளக் இல்லாமல் சுற்றவிட்டு ஆயில் பிரஷர் ஏறுவதை உறுதி செய்யுங்கள். சூடேறிய பின் பிளாக்கின் பக்கவாட்டில், லைனர் வளையங்களுக்கு நேராக உள்ள சிறு துளைகளைப் பாருங்கள். அங்கே கூலன்ட் கசிந்தால் வளையம் போய்விட்டது. எஞ்சினைப் பிரித்து லைனர்களை வெளியே எடுக்க வேண்டியதுதான்.